யாகூ அரட்டை அறைகள்: கேட்டவர்களுக்குப் பதில்

1999 முதல் 2007 வரை திருச்சியில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். எட்டு கணினிகள் இருந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எட்டிலும் யாகூ நிறுவனத்தின் அரட்டை அறைகளான யாகூ சாட்தான் ஓடும். அதனால்தான் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

அரட்டை அறை என்பது வாட்ஸ்அப் குழு மாதிரிதானே, சார்? (கல்லூரி மாணவி, சேலம்)

இல்லை அம்மா. குழுவில் உங்களை யாரோ சேர்க்கிறார்கள், உங்கள் எண் எல்லாருக்கும் தெரிகிறது. அரட்டை அறை ரயில் நிலையத்து பெஞ்ச் மாதிரி. பக்கத்தில் வந்து உட்காருபவர் யாரென்று தெரியாது, எழுந்து போனாலும் கேட்க ஆளில்லை. நுழைந்தவுடன் வரும் கேள்வி ‘ஏ.எஸ்.எல்?’ அதாவது வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர். மூன்றுக்கும் உண்மையைச் சொன்ன ஒருவரை என் கடையில் நான் பார்த்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய வாடிக்கையாளர் ஒருவர் வருடக்கணக்கில் இருபத்திரண்டிலேயே இருந்தார்.

இதை முதலில் கண்டுபிடித்தது யாகூவா? (தஞ்சாவூர் வாசகர்)

இல்லை. 1973-லேயே இலினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் டாக்கோமேட்டிக் என்ற அரட்டை நிரல் வந்துவிட்டது. 1980-இல் கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்கக் கணினிச் சேவையின் அரட்டை, 1988-இல் பின்லாந்தின் யார்க்கோ ஒய்காரினென் எழுதிய ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறை. ஆனால் கம்ப்யூசர்வுக்குச் சந்தா கட்ட வேண்டும், ஐ.ஆர்.சி.க்குத் தனி மென்பொருளும் சில கட்டளைகளும் தெரிந்திருக்க வேண்டும். 1997-இல் வந்த யாகூ சாட்டுக்கு இரண்டும் வேண்டாம். உலாவியைத் திறந்து, ஒரு பெயரை வைத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். அடுத்த வருடம் வந்த, தெரிந்தவர்களோடு தனியாகப் பேசும் யாகூ பேஜர்தான் பிறகு மெசஞ்சர் ஆனது.

தமிழில் எழுதினீர்களா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை)

விண்டோஸ் 98-இல் தமிழ் எழுத்துகளுக்கான யூனிகோடு வசதி கிடையாது, டீச்சர். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினோம். லகர ளகர ழகரச் சண்டையே எழவில்லை. குரல் வசதி வந்த பின் மைக்கில் ஒருவர் பேசி முடித்தால்தான் அடுத்தவர் பேசலாம். பாடத் தெரிந்தவரிடம் மைக் போய்விட்டால் திரும்பி வராது. பாடத் தெரியாதவரிடம் போனால் இன்னும் மோசம்.

பூட்டர் என்றார்களே, அது என்ன? (மென்பொருள் ஊழியர், கோவை)

பிடிக்காதவரை அறையிலிருந்து விழத்தட்டும் சின்ன நிரல். மெசஞ்சரின் ஓட்டைகளைப் பார்த்துச் செய்திகளைக் கொட்டும். எதிராளியின் இணைப்பு அறுந்துவிடும். என் கடையில் மூன்றாம் கணினிப் பையன் ஏழாம் கணினிப் பையனை வீழ்த்திவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்திருந்த நாள் உண்டு. இரண்டு பேரிடமும் அந்த ஒரு மணி நேரக் காசை வாங்கிக்கொண்டேன்.

பேஸ்புக் வந்ததால்தானே மூடினார்கள், அண்ணா? (மதுரை இளைஞர்)

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தம்பி, தேதிகளைப் பாருங்கள். 2005-இல் நம் ஊரில் பேஸ்புக்கை யார் கண்டார்கள்? சரிவு அந்த வருடமே தொடங்கிவிட்டது. பயனர்கள் தாமே உருவாக்கிய சில அறைகளின் தலைப்புகளே சிறுவர்களைக் குறிவைத்தவை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி ஒன்று அதை அம்பலப்படுத்தியது. அங்கே பெப்சி போன்ற பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களும் ஓடிக்கொண்டிருந்தன, அவர்கள் விலகினார்கள். ஜூனில் பயனர் அறைகள் அனைத்தையும் யாகூ மூடியது. அக்டோபரில் நியூயார்க், நெப்ராஸ்கா மாநில அட்டர்னி ஜெனரல்களுடன் உடன்பாடு: 70,000 அறைகள் நீக்கம், பதினெட்டுக்குக் கீழே அனுமதி இல்லை.

மூடியது சரிதான். ஆனால் சினிமாப் பாட்டு, சதுரங்கம், சமையல் என்று யாரையும் தொந்தரவு செய்யாத அறைகளும் அதில் போயின. எஞ்சிய பொது அறைகளில், ஆள் போல நுழைந்து தானாகச் செய்தி ஒட்டும் பாட் நிரல்கள் புகுந்தன. முப்பது பெயர் தெரியும். இருபது பெயர் ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கும். 2007-இல் கோணல் எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொல்லும் சோதனை வைத்தார்கள்; பாட் நிரல்கள் அதையும் தாண்டின. அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்க வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு விளம்பரம் வேண்டும், விளம்பரமோ 2005-லேயே ஓடிவிட்டது. பேச ஆளில்லாமல் போனவர்கள்தான் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்துக்கும் பிறகு பேஸ்புக்குக்கும் நகர்ந்தார்கள். 2012 டிசம்பர் 14 அன்று அறைகள் மூடப்பட்டன. மெசஞ்சர் 2018 ஜூலை 17 வரை தாக்குப்பிடித்தது.

அங்கே பேசியவை இப்போது கிடைக்குமா? ஒருவரைத் தேடுகிறேன். (பெயர் வேண்டாம் என்றவர்)

மெசஞ்சரை மூடியபோது தனி உரையாடல்களைத் தரவிறக்க ஆறு மாதம் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. அறையில் பேசியதை அன்றே யாராவது தம் கணினியில் சேமித்திருந்தால்தான் உண்டு. என் கணினிகள் எட்டும் காயலான் கடைக்குப் போய் வெகுநாளாகிறது. அவர் சொன்ன பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள்; ஊரும் பொய்யாக இருந்திருக்கலாம்.