வேர்டில் அட்டவணை வெட்டுப்படுகிறதா? மறுபடி அடிக்க வேண்டாம்

ஆய்வு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வட்டார வழக்குச் சொற்கள் பற்றிய என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. எக்செலில் தயாரித்து வேர்டில் ஒட்டினேன். கடைசிப் பத்தி தாளுக்கு வெளியே போய்விடுகிறது. சில கட்டங்களில் கடைசி வரி பாதியாக வெட்டுப்படுகிறது. ஓரிடத்தில் பக்கத்தின் அடியோடு அட்டவணை நின்றுவிடுகிறது, தொடர்ச்சியைக் காணோம். தலைப்பு வரிசை முதல் பக்கத்தில் மட்டும்தான் வருகிறது. பிரிண்ட் எடுக்கும் கடையில் திறந்தால் எல்லாமே மாறிக் கிடக்கிறது. திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டுமா?"

வேண்டவே வேண்டாம். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இதே நிலையில் மூன்று இரவு கண்விழித்து முழுப் பட்டியலையும் மறுபடி அடித்த ஒரு மாணவரை எனக்குத் தெரியும். புதிய அட்டவணையிலும் நான்காம் நாள் அதே கோளாறு வந்தது. எழுத்தில் குறை இருந்தால்தானே திரும்ப அடித்துச் சரியாகும்? நீளம், அகலம் பற்றி எங்கோ ஓரிடத்தில் கொடுத்துவைத்த அளவை வேர்டு அப்படியே பின்பற்றுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, பரிசோதனை எல்லாவற்றையும் அந்தப் பிரதியிலேயே செய்யுங்கள். அப்புறம் அட்டவணைக்குள் கர்சரை வைத்தால் இடது மேல் மூலையில் நான்கு அம்புக்குறி உள்ள சின்னச் சதுரம் தெரியும். அதைச் சொடுக்கினால் முழு அட்டவணையும் தேர்வாகும். நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். காணாமல் போன சொற்கள் அங்கே வரிசையாக வந்து நின்றால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். மனசு கொஞ்சம் நிம்மதியான பிறகு திருத்தத் தொடங்கலாம்.

தாளுக்கு வெளியே போகும் பத்தியிலிருந்து ஆரம்பிப்போம். எக்செலுக்குத் தாளின் ஓரம் பற்றிக் கவலை கிடையாது. அங்கே நீங்கள் வைத்த பத்தி அகலங்களைக் கூட்டினால் 22 சென்டிமீட்டர் வந்திருக்கலாம். ஏ4 தாளின் அகலமே 21 சென்டிமீட்டர்தான். இருபுறமும் 2.54 சென்டிமீட்டர் ஓரம் விட்டால் எழுத மிஞ்சுவது 15.92. ஆய்வேட்டை பைண்டிங் செய்ய இடப்பக்கம் 3.81 வைத்தால் அது 14.65 ஆகக் குறையும். பலர் முதலில் அட்டவணையைப் போட்டுவிட்டு, கடைசியில்தான் பைண்டிங் ஓரத்தை மாற்றுகிறார்கள். பாராக்கள் புதிய ஓரத்துக்கு ஏற்பத் தாமே ஒதுங்கிக்கொள்ளும். அகலம் நிலையாகக் குறிக்கப்பட்ட அட்டவணை ஒதுங்காது, பழைய அகலத்திலேயே நிற்கும்.

அட்டவணைக்குள் கர்சர் இருக்கும்போது மேலே வரும் லேஅவுட் தாவலில் ஆட்டோஃபிட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் ஆட்டோஃபிட் விண்டோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான அட்டவணைகள் இந்த ஒரு சொடுக்கில் ஓரங்களுக்குள் வந்துவிடும். வரவில்லையா? வலது சொடுக்கில் டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, டேபிள் பகுதியில் ப்ரிஃபர்டு விட்த் என்பதை 100 சதவீதம் ஆக்குங்கள். பக்கத்திலேயே இன்டென்ட் ஃப்ரம் லெஃப்ட் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். அலைன்மென்ட் இடதாக இருக்க வேண்டும்.

இங்கே தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்டுகொண்டே போகும். 'பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்று ஒரு கட்டத்தில் இருந்தால், அதை உடைக்காமல் வைக்க வேர்டு அந்தப் பத்தியை அகலமாக்கும். பக்கத்துப் பத்திகள் நெருக்கப்படும், இல்லையென்றால் வெளியே தள்ளப்படும். டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸ் பட்டனுக்குள் உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாற்றும் தேர்வு, அதாவது ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ், இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பத்திக்கும் அகலத்தைச் சதவீதத்தில் நீங்களே கொடுங்கள். சொற்பட்டியல் என்றால் வரிசை எண்ணுக்கு 8, சொல்லுக்கு 20, பொருளுக்கு 27, எடுத்துக்காட்டுக்கு 30, ஊருக்கு 15 என்று பிரித்துப் பார்க்கலாம். சுட்டியால் கோட்டை இழுத்து அகலம் சரிசெய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கட்டம் தேர்வாகியிருக்கும்போது இழுத்தால் அந்தக் கட்டத்தின் கோடு மட்டும் நகரும். கடைசியில் அட்டவணையின் ஓரம் ரம்பப்பல் போல ஆகிவிடும்.

இத்தனை செய்தும் ஐந்து பத்திகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், எழுத்தை 8 புள்ளிக்குக் குறைத்து வாசகரின் கண்ணை வருத்தாதீர்கள். பின்னிணைப்பை மட்டும் கிடைமட்டத் தாளாக மாற்றுங்கள். பின்னிணைப்பு தொடங்கும் இடத்துக்கு முன்பும் முடியும் இடத்துக்குப் பின்பும், எப்போதும் மேலே இருக்கும் பக்க லேஅவுட் தாவலில் பிரேக்ஸ், நெக்ஸ்ட் பேஜ் என்ற செக்ஷன் பிரேக் கொடுத்து, நடுவிலுள்ள பகுதிக்கு மட்டும் லேண்ட்ஸ்கேப் வையுங்கள். மற்ற அத்தியாயங்கள் அசையாது.

அடுத்தது வெட்டுப்படும் வரிகள். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும், சில நேரம் இரண்டும் சேர்ந்திருக்கும். முதலாவது, வரிசையின் உயரம். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ரோ பகுதிக்குப் போங்கள். ஸ்பெசிஃபை ஹைட் என்பதற்கு எதிரே எக்ஸாக்ட்லி என்று இருந்தால் அதுதான் குற்றவாளி. எத்தனை வரி எழுதினாலும் அந்த உயரத்துக்கு மேல் வளரக் கூடாது என்பது அதன் உத்தரவு. அட் லீஸ்ட் என்று மாற்றினால் குறைந்தது அவ்வளவு உயரம், தேவைப்பட்டால் கூடுதல் என்று ஆகிவிடும். அல்லது அந்த டிக்கையே எடுத்துவிடலாம். பிடிஎஃப்பை வேர்டாக மாற்றி எடுத்த அட்டவணைகளில் இந்த எக்ஸாக்ட்லி அடிக்கடி ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, வரி இடைவெளி. பாராகிராஃப் பெட்டியில் லைன் ஸ்பேசிங் எக்ஸாக்ட்லி 12 புள்ளி என்று இருந்தால் ஆங்கில எழுத்து தப்பித்துக்கொள்ளும், தமிழ் தப்பாது. 'கீ', 'தீ' ஆகியவற்றின் மேல் சுழியும் 'கூ', 'ழு' ஆகியவற்றின் கீழ் வளைவும் அறுந்து போகும். லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்களுக்கு மேலும் கீழும் கூடுதல் இடம் தேவை. சிங்கிள் அல்லது மல்டிபிள் 1.15 வைத்தால் எழுத்து முழுசாகத் தெரியும். கட்டத்துக்குள் வைத்த படம் மெல்லிய கீற்றாக மட்டும் தெரிகிறது என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் இதே எக்ஸாக்ட்லிதான் காரணம், மருந்தும் இதேதான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று ஆய்வேடுகளில் நிறைய வரும். வரிசை எண் பத்தியில் எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக உடைந்து விழும், அல்லது கட்டமே காலியாகத் தெரியும். உரைப் பாராக்களின் முதல் வரிக்கு 1.27 சென்டிமீட்டர் உள்தள்ளல் வைத்திருப்பீர்கள். அதே பாணி அட்டவணைக்குள்ளும் பாய்ந்திருக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டத்தில் 1.27 உள்தள்ளலுக்கே போய்விட்டால் எழுத்துக்கு எங்கே இடம்? அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பெட்டியில் இன்டென்ட் மூன்றையும் பூஜ்யமாக்குங்கள். முன்பின் ஸ்பேசிங்கையும் குறையுங்கள். அட்டவணைக்கென்று தனியாக ஒரு ஸ்டைல் உருவாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

சரி, பக்கத்தின் அடியில் நின்றுவிடும் அட்டவணை. இதில்தான் பலர் பயந்துபோகிறார்கள், ஏனென்றால் பாதிப் பட்டியலே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ராப்பிங் என்ற இடத்தைப் பாருங்கள். அரவுண்ட் என்று இருந்தால் அட்டவணை படம் போல மிதக்கிறது என்று பொருள். நீண்ட அட்டவணைக்கு அது ஆகவே ஆகாது, நன் (None) என்று மாற்றுங்கள். மூலைச் சதுரத்தைப் பிடித்து அட்டவணையை இழுத்து நகர்த்தினாலே அரவுண்ட் தானாக வந்துவிடும். அதனால் யாரும் வேண்டுமென்றே வைத்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகும் நின்றால், அட்டவணை வேறு எதற்குள்ளாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருக்கும் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடாது. இணையத்திலிருந்து ஒட்டியதென்றால், வெளியே ஒரே கட்டம் கொண்ட பெரிய அட்டவணை, அதற்குள் உங்கள் அட்டவணை என்று இருக்கக்கூடும். உள்ளே இருப்பதை மட்டும் வெட்டியெடுத்து வெற்றிடத்தில் ஒட்டிவிட்டு, கூட்டை நீக்குங்கள். ரோ பகுதியில் அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ் என்பதற்கு டிக் இருக்கட்டும். ஒரு கட்டத்தில் பக்கத்தைவிட நீளமான எடுத்துக்காட்டு இருந்தால் அது உடைந்து அடுத்த பக்கம் போக இந்த அனுமதி தேவை.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும், அட்டவணை முழுவதும் அடுத்த பக்கத்தில் தொடங்கும். பாராகிராஃப் பெட்டியின் லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ் பகுதியில் கீப் வித் நெக்ஸ்ட் எல்லா வரிசைகளுக்கும் போயிருக்கும். எடுத்துவிட்டால் அட்டவணை மேலேறிவிடும். தலைப்பு வரிசைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அப்போது தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் தனியாக நிற்காது.

தலைப்பு ஒவ்வொரு பக்கமும் வர, முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்து அட்டவணைக்கான லேஅவுட்டில் ரிப்பீட் ஹெடர் ரோஸ் சொடுக்குங்கள். தலைப்பு இரண்டு வரிசை என்றால் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். முதல் வரிசை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். நடுவில் எங்காவது கன்ட்ரோல், என்டர் அழுத்திப் பக்கத்தை நீங்களே உடைத்திருந்தால் அங்கே அட்டவணை இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டாம் துண்டுக்குத் தலைப்பு போகாது. அந்த உடைப்பை அழித்து இரண்டையும் சேர்த்துவிடுங்கள். திரும்ப வரும் தலைப்பு பிரிண்ட் லேஅவுட் காட்சியில்தான் தெரியும். டிராஃப்ட் காட்சியில் தேடி ஏமாற வேண்டாம்.

கோடுகள் திரையில் தெரிகின்றன, தாளில் வரவில்லை என்றால் நீங்கள் பார்த்தது வழிகாட்டும் கிரிட்லைன்கள். அவை அச்சாகாது. பார்டர்ஸில் ஆல் பார்டர்ஸ் கொடுங்கள். அட்டவணைக்குப் பின்னால் வெற்றுப் பக்கம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால், அட்டவணையை அடுத்து வேர்டு கட்டாயமாக வைக்கும் காலிப் பாராதான் அங்கே இருக்கும். அதை அழிக்க முடியாது. எழுத்தளவை 1 ஆக்கி, இடைவெளியைப் பூஜ்யமாக்கினால் முந்தைய பக்கத்துக்கே போய்விடும்.

மேலே சொன்ன எதற்கும் மசியாத அட்டவணைக்கு ஒரு கடைசி வழி உண்டு: அட்டவணையைக் கலைத்துத் திரும்பக் கட்டுவது. முதலில் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, கட்டங்களுக்குள் நீங்கள் அழுத்திய என்டர்களையெல்லாம் ரீப்ளேஸ் வழியாக உங்கள் உரையில் எங்கும் வராத ஒரு குறியாக மாற்றுங்கள், இரட்டை நட்சத்திரக் குறி போல. தேட வேண்டியது ஸ்பெஷல் பட்டனில் உள்ள பாராகிராஃப் மார்க். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு என்டரும் தனி வரிசையாகிப் பட்டியல் குலைந்துவிடும். பிறகு லேஅவுட்டில் கன்வெர்ட் டு டெக்ஸ்ட், பிரிப்பதற்கு டேப். வெறும் உரையாக நிற்கும்போது கன்ட்ரோல், ஸ்பேஸும் கன்ட்ரோல், க்யூவும் அழுத்தினால் பழைய வடிவமைப்பு கழன்றுவிடும். அதன் பின் இன்சர்ட், டேபிள், கன்வெர்ட் டெக்ஸ்ட் டு டேபிள். குறியை மறுபடி என்டராக மாற்றிவிடுங்கள். ஒன்றாக இணைத்த கட்டங்கள் இருந்தால் அவற்றை முன்கூட்டியே பிரித்துவைப்பது அவசியம்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வேலை செய்பவர்களுக்கு இதே தேர்வுகள் டேபிள் ப்ராப்பர்ட்டீஸின் டெக்ஸ்ட் ஃப்ளோ பகுதியில் ஒரே இடத்தில் கிடைக்கும். அட்டவணை பக்கம் தாண்டலாமா, வரிசை உடையலாமா, தலைப்பு திரும்ப வரலாமா, மூன்றும் அங்கேயே.

கடைசியாக அந்தப் பிரிண்ட் கடை. உங்கள் கணினியில் உள்ள எழுத்துரு அங்கே இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். அதன் எழுத்துகள் அகலமாக இருந்தால் வரிகள் கூடும், வரிசைகள் நீளும், பக்கங்கள் இடம் மாறும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் தமிழே தெரியாமல் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தாள் அளவையும் பாருங்கள். கோப்பு லெட்டர் அளவில் இருந்தால் அது ஏ4-ஐவிட சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. ஏ4 ஆக மாற்றிய பிறகு ஆட்டோஃபிட் விண்டோவை இன்னொரு முறை கொடுங்கள்.

கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். வீட்டிலேயே சேவ் ஆஸ் கொடுத்து பிடிஎஃப் ஆக்கி, கடைசிப் பத்தியையும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரிசையையும் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் தாளில் வரும். ஸ்கேல் செய்யாமல் உண்மை அளவில் எடுத்துத் தரச் சொல்லி, பின்னிணைப்பின் முதல் இரண்டு பக்கங்களை மட்டும் அச்சிட்டுப் பார்த்துவிட்டு மீதியை எடுங்கள்.