யாகிமோவ் சுரங்க ஊர்: கேள்வி பதில்

செந்தில்: டாலர் என்ற பெயர் இந்த ஊரிலிருந்தா வந்தது?

பதில்: ஆமாம். செக் நாட்டில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய மலை ஊர் இது. ஜெர்மன் பெயர் யோவாகிம்ஸ்டால். 1516இல் வெள்ளி கிடைத்தது. 1520 வாக்கில் ஷ்லிக் பிரபுக்கள் ஏறத்தாழ 29 கிராம் எடையில் நாணயம் அடித்தார்கள். யோவாகிம்ஸ்டாலர் என்று நீட்டி முழக்க யாருக்குப் பொறுமை? தாலர் என்று சுருங்கி, டாலரில் வந்து நின்றது.

மீனா: கியூரி தம்பதி வாங்கியது தாதுவா, கழிவா?

பதில்: கழிவு. கண்ணாடிக்கு நிறமேற்ற யுரேனியம் எடுத்த இந்த ஊர் ஆலையின் சக்கை. தாதுவைச் சோடாவோடு வறுத்து, நீரில் அலசி, நீர்த்த கந்தக அமிலம் விட்டால் யுரேனியம் கரைந்து வந்துவிடும். ரேடியம் சல்பேட் கரையாது, சக்கையிலேயே தங்கிவிடும். வேண்டாததென்று கொட்டியதில்தான் சரக்கு இருந்தது. பாரிசில் மூட்டையைப் பிரித்தபோது பழுப்புத் தூளோடு பைன் ஊசியிலைகளும் கலந்திருந்தன. டன் கணக்கில் காய்ச்சி, 1902இல் தேறியது சுமார் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு.

பழைய கழிவு மேடுகளில் கறுப்பாக, கனமாகக் கல் கிடந்தால் எடுக்காதீர்கள், கதிர்வீசும் யுரேனியத் தாதுவாக இருக்கலாம்.

பிரபு: சுரங்க நோயால் கணவர்கள் சாக, ஏழு முறை மணந்த பெண்களை, சுரங்க நூல் எழுதிய அக்ரிகோலா இங்கேதானே பார்த்தார்?

பதில்: இல்லை. 1527 முதல் சில ஆண்டுகள் அவர் இங்கே ஊர் மருத்துவர், அது சரி. ஆனால் 1556இல் வந்த அவருடைய நூலில் அந்த வரி கார்பேத்திய மலைச் சுரங்கங்களைப் பற்றியது.

பிரபு: எல்லாரும் யாகிமோவ் என்றுதானே எழுதுகிறார்கள்?

பதில்: ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர். மூலத்தைப் புரட்டுங்கள்.

பிரபு: அப்படியானால் இங்கே நோயே இல்லையா?

பதில்: அப்படி எங்கே சொன்னேன்? எல்லைக்கு அந்தப் பக்கம் ஷ்னீபெர்க்கில் ஹார்ட்டிங், ஹெஸ்ஸ என்ற இரு மருத்துவர்கள் 1879இல் அது புற்றுநோய் என்று காட்டினார்கள். இங்கும் அதே பாறை, அதே நோய். அக்ரிகோலா தூசியைக் குற்றம் சொன்னார். பாறையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் தனிமங்கள் அந்தத் தூசியில் ஒட்டித்தான் நுரையீரலுக்குள் போய்த் தங்குகின்றன. பாதி சரியாகவே பிடித்திருக்கிறார்.

கலா: குளியல் சிகிச்சைக்குப் பயன்படும் இந்த ஊர் ரேடான் ஊற்று நீரைப் பாட்டிலில் கொண்டுவரலாமா?

பதில்: வீண். ரேடான் 3.8 நாளில் பாதியாகும், 38 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூடியைத் திறந்து குலுக்கினால் அதுவும் பறந்துவிடும். அதனால்தான் 1906இல் தொடங்கிய குளியல் சிகிச்சை சுரங்க ஊரை விட்டு நகரவில்லை. தண்ணீர் இன்றும் ஸ்வொர்னோஸ்ட் சுரங்கத்தில் சுமார் 500 மீட்டர் ஆழத்திலிருந்துதான் வருகிறது.

ரவி: மூட்டுவலிக்குக் கேட்குமா?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

அன்வர்: கைதிகளை வைத்து யுரேனியம் தோண்டினார்களாமே?

பதில்: உண்மை. 1949 முதல் 1961 வரை முகாம்கள் இருந்தன. அரசியல் கைதிகளும் தோண்டினார்கள். தாது சோவியத்துக்குப் போனது.

சுதா: நினைவுக்குச் சின்னதாக ஒரு கல்...

பதில்: மேலேயே சொல்லிவிட்டேன். சின்னதும் வேண்டாம்.