எரிபொருள் ஆவிக் கசிவு: ஓட்டை எங்கே?

கேள்வி: பாலிக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கிறேன். காய்களை ஏற்றிச் செல்லும் என்னுடைய பிக்கப் அமெரிக்காவில் தயாரான பழைய பெட்ரோல் வண்டி. அதில் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் ‘பி0442’, அதாவது சிறிய ஆவிக் கசிவு என்று வருகிறது. பட்டறையில் பெட்ரோல் மூடியையும், ஆவியை என்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வையும் மாற்றினார்கள். விளக்கு அணைந்தது, ஒரு வாரம் கழித்து மறுபடியும் எரிகிறது. ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. இனி எதை மாற்றுவது?
– வாசகர், பினாங்கு

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். விளக்கு அணைந்தது பழுது தீர்ந்ததால் அன்று, ஸ்கேனரால் குறியீட்டை அழித்ததால்தான் என்று தோன்றுகிறது. கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை வண்டியின் கணினி நினைத்த நேரத்தில் செய்வதில்லை. இரவு முழுவதும் நின்று என்ஜின் ஆறியிருக்க வேண்டும்; தொட்டியில் எரிபொருள் ஏறத்தாழ கால் பங்குக்கு மேலும் முக்கால் பங்குக்குக் கீழும் இருக்க வேண்டும்; வெளிவெப்பமும் அளவோடு இருக்க வேண்டும். பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு சோதனைகள் தோற்ற பிறகே விளக்கு எரியும் என்பதால், நம் ஊர் வெயிலில் அதற்கு ஒரு வாரம் ஆனதில் வியப்பில்லை.

இந்தக் குறியீடு ஓட்டையின் அளவைச் சொல்லுமே தவிர இடத்தைச் சொல்லாது. ‘பி0442’ என்றால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஓட்டை. ‘பி0456’ அதிலும் பாதி. தொட்டி, அதன் கழுத்துக் குழாய், ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டர், இவற்றை இணைக்கும் ரப்பர் குழாய்கள் ஆகியவற்றில் எங்கு வேண்டுமானாலும் அது இருக்கலாம். மூக்கை நம்பித் தேடவும் வழியில்லை. டுரியான் ஏற்றிய வண்டியில் பெட்ரோல் வாடையை யார் பிரித்தறிவார்?

நம்பகமான வழி புகைச் சோதனைதான். அதற்கான கருவி வைத்திருக்கும் பட்டறையாகத் தேடிப் போங்கள். கனிம எண்ணெயைச் சூடாக்கி எடுத்த புகையை, ஒரு பிஎஸ்ஐக்கும் குறைந்த அழுத்தத்தில் குழாய்களுக்குள் செலுத்தி, அது எங்கிருந்து கசிகிறது என்று விளக்கடித்துப் பார்ப்பார்கள். சோதனையின்போது, கேனிஸ்டருக்குள் வெளிக்காற்றை விடும் வென்ட் வால்வை ஸ்கேனர் மூலம் மூடிவைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாதபோது அது திறந்தே இருக்கும் வால்வு. மூட மறந்தால் புகை அதன் வழியாகவே கொட்டும், நல்ல பொருளைக் குற்றவாளியாக்கி இன்னொரு செலவு வைத்துவிடுவார்கள். மாறாக, மூடிய பிறகும் அங்கே புகை வந்தால், தோட்டத்து மண்ணும் தூசியும் புகுந்து வால்வு சரியாக மூடாமல் இருக்கிறது என்று கொள்ளலாம். பிக்கப்களில் இது அடிக்கடி காணும் பழுது. அடுத்து நான் சந்தேகிப்பது, கழுத்துக் குழாயில் மூடி அமரும் விளிம்பின் துரு. அந்த விளிம்பு அரித்துப்போயிருந்தால் எத்தனை புதிய மூடி போட்டாலும் பயன் இல்லை. எலி கடித்த ரப்பர் குழாயையும் மறந்துவிட வேண்டாம்.

யாராவது டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை வைத்துச் சோதிக்கலாம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அவ்வளவு அழுத்தம், தொட்டியின் ஆவி அழுத்தத்தை அளக்கும் உணரியையும் கேனிஸ்டரையும் கெடுத்துவிடும். பெட்ரோல் ஆவியோடு காற்றைக் கலப்பது தீ விபத்துக்கும் இடமளிக்கும்.

கசிவு சிறியதாக இருக்கும்வரை வண்டியை ஓட்டலாம். ஆனால் பெட்ரோல் வாடை வெளிப்படையாக அடித்தாலோ, வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தாலோ அன்றே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெட்ரோல் நிலையத்தில் குழல் தானாக நின்ற பிறகும் கணக்கை முழு ரிங்கிட் ஆக்குவதற்காக அழுத்தி அழுத்தி நிரப்பும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். திரவப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் உள்ளே இருக்கும் கரி பாழாகும்.

கேள்வி: என்னுடையது டீசல் பிக்கப். அதிலும் இந்தக் கேனிஸ்டரைச் சோதிக்க வேண்டுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தேவையில்லை. டீசல் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை என்பதால் உங்கள் வண்டியில் அந்த அமைப்பே இருக்காது.