ஜப்பான் சுபாருவை கனடாவுக்குக் கொண்டுபோனால் வரி உண்டா?

கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "மிச்சிகன்ல நாலு வருஷமா ஓட்டுற சுபாரு ஃபாரஸ்டர் இருக்குங்கண்ணா. கனடாவில் நிரந்தரமாத் தங்குற அனுமதி (பி.ஆர்.) வந்தாச்சு, ஒன்டாரியோ போறோம். வண்டி ஜப்பான்ல செஞ்சதுன்னா இறக்குமதி வரி கட்டணும்னு கூட வேலை செய்றவர் சொல்றார், நிஜமா?"

வரி நிஜம்தான், ஆனா அது உங்க தலையில விழாது. ஏன்னு சொல்றேன்.

நம்ம ஊர்ப் பழக்கத்தை வெச்சு யோசிச்சா குழம்பும். கோயம்புத்தூர்ல வாங்கின வண்டியை வேலந்தாவளம் தாண்டிக் கொண்டுபோய் நம்ம சித்தூர் நம்பர் கே.எல். 70 ஆக்கணும்னா ஆர்.டி.ஓ.ல என்.ஓ.சி. கேப்பாங்க, ரோடு டாக்ஸ் கேப்பாங்க. வண்டி ஸ்ரீபெரும்புதூர்ல செஞ்சதா, குஜராத்ல செஞ்சதான்னு யாரும் கேக்கமாட்டாங்க. கனடா பார்டர்ல விலைக்கு வாங்கிக் கொண்டுவர்ற காருக்கு அந்தக் கேள்வி உண்டு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணுல ஒண்ணுல அசெம்பிள் ஆன கார்னா சுங்க வரி இல்லை. ஜப்பான், ஜெர்மனி மாதிரி வெளியில அசெம்பிள் ஆனதுன்னா 6.1 விழுக்காடு. எங்கே வாங்கினீங்க, எந்த பிராண்டுங்கறது கணக்கிலேயே வராது.

டிரைவர் கதவைத் திறந்து, கதவு பூட்டுற தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. அதுல 17 எழுத்துள்ள சேஸிஸ் நம்பர் இருக்கும். முன்கண்ணாடிக்கு அடியில இடது மூலையிலும் அதே நம்பர்தான். முதல் எழுத்து 1, 4, 5 இருந்தா அமெரிக்கா. 2 கனடா, 3 மெக்சிகோ. ஜே ஜப்பான், கே கொரியா, டபிள்யூ ஜெர்மனி. ஒரே மாடலே ரெண்டு ஊர்ல வரும்: இண்டியானாவில் செஞ்ச சுபாரு 4எஸ்-ல ஆரம்பிக்கும், ஜப்பானில் செஞ்சது ஜே.எஃப்-ல. பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 பேர்ல மட்டும்தான் ஜெர்மனி, சவுத் கரோலினாவில் செஞ்சது. ப்யூக் என்விஷன் அமெரிக்கப் பேர், சீனாவில் செஞ்சது. பேரை நம்பி விலை பேசினவங்க மாட்டிக்கிறது இங்கேதான்.

20,000 கனடா டாலர் மதிப்புள்ள ஜப்பான் வண்டின்னா சுங்க வரி 1,220, ஏ.சி.க்கு தனி வரி 100, இது எல்லாம் சேர்ந்த 21,320 மேல 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. 1,066. ஆக 2,386. சுங்க வரி இல்லாத வண்டிக்கு இதே கணக்கு 1,105-ல நிக்கும். ஆனா 2025 ஏப்ரல் 9-ல அமெரிக்காவில் செஞ்ச வண்டிகள் மேல கனடா 25 விழுக்காடு எதிர்வரி போட்டது. அதனால புதுசா வாங்கிக் கொண்டுபோறவங்க 1, 4, 5-ஐப் பார்த்து மட்டும் சந்தோஷப்பட வேண்டாம். வாங்குறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ்ல கேட்டுக்கிறது உத்தமம்.

உங்க கதை வேற. முதல் தடவையா குடியேறி வர்றவர், வர்றதுக்கு முன்னாடியே தன் பேர்ல வெச்சு, தானே ஓட்டின காரைக் குடியேறுபவர் உடைமையாக் காட்டலாம். அப்போ சுங்க வரியும் இல்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஜே.எஃப்-ஓ 4எஸ்-ஓ, அதைப் பார்க்க மாட்டாங்க. கனடா கஸ்டம்ஸோட பி.எஸ்.எஃப். 186 படிவத்தில் மேக், மாடல், சேஸிஸ் நம்பர் எழுதி, முதல் நாளே அதிகாரி முத்திரை வாங்கணும். வண்டி பின்னாடி வந்தாலும், பின்னாடி வரும் சாமான் பட்டியலில் அன்னிக்கே ஏத்திடணும். லீஸ் வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது, அது உங்க பேர்ல இல்லையே. கனடாவில் குடியேறி இறங்கின பிறகு திரும்பிப் போய் வாங்கின வண்டிக்கும் கிடையாது. பன்னிரண்டு மாசத்துக்குள்ள வித்தீங்கன்னா வரி திரும்பி வந்து நிக்கும்.

பெரும்பாலும் சிக்கல் வர்றது வரியில இல்லை, அமெரிக்கப் பக்கம்தான். வண்டி வெளியே போறதை 72 மணி நேரம் முன்னாடியே அமெரிக்க கஸ்டம்ஸுக்குத் தெரிவிக்கணும், ஏற்றுமதியைப் பதிவு பண்ணினதுக்கான ஐ.டி.என். நம்பரும் வேணும். ஒரிஜினல் டைட்டிலை, அதாவது வண்டி உங்களுதுங்கற சான்றிதழைக் கையில கொண்டுபோங்க, வெறும் ஃபோட்டோகாப்பி செல்லாது. லோன் பாக்கி இருந்தா வங்கியோட எழுத்து மூல சம்மதம் வேணும். வண்டி ஏற்றுமதி அலுவலகம் பல பார்டர்ல வார நாட்கள்ல பகல் நேரம் மட்டும்தான். சாமானோட ஞாயித்துக்கிழமை ராத்திரி போனா முத்திரை வைக்க ஆள் இருக்காது.

கனடா பக்கம், வண்டி 15 வருஷத்துக்கு உட்பட்டதுன்னா அந்த அரசோட போக்குவரத்துத் துறை, ட்ரான்ஸ்போர்ட் கனடா, வெச்சிருக்கிற அனுமதிப் பட்டியலில் இருக்கணும். கம்பெனியிடமிருந்து ரீகால் (குறையைச் சரிபண்ண வண்டியைத் திரும்பக் கூப்பிடுறது) பாக்கி இல்லைன்னு கடிதம் வாங்கிக்கோங்க. அது வர நாள் ஆகும், அதனால முதல்ல அதுக்கு எழுதிப் போடுங்க. பார்டர்ல வண்டி இறக்குமதிக்கான படிவம் 1 போட்ட நாள்லேர்ந்து 45 நாளுக்குள்ள ஆய்வு முடிக்கணும், முடிஞ்சாத்தான் நம்பர் பிளேட்.

"பின்னாடி வித்துடாம சித்தூருக்கே கொண்டுபோயிடலாமா"ன்னும் கேட்டு எழுதியிருந்தீங்க. பழைய காரை இறக்குமதி பண்ண இந்தியாவில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கணும். உங்களுது இடப்பக்கம், அதனால அந்த யோசனையை விட்டுடுங்க.