கேம் கன்சோல் ஆன் ஆகலையா? ஸ்க்ரூல கை வைக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே புலம்பல் தான், கன்சோல் ஆன் ஆகல. ஆனா அந்த ஒரே வார்த்தைய வச்சு மூணு வேற வேற கோளாறச் சொல்றீங்க. பட்டன அமுக்கினா லைட்டும் இல்ல சத்தமும் இல்லன்னா அது ஒரு கதை, ‘பீப்’னு ஒரு தடவ கத்திட்டு உடனே அணைஞ்சா அது வேற, லைட் எரிஞ்சு ஃபேன் ஓடி டிவில மட்டும் படம் வரலன்னா அது சுத்தமா வேற. இதுல உங்களுது எதுன்னு மொதல்ல பாருங்க, பார்க்காம திறந்து உள்ள இருக்கற ரிப்பன் கேபிளக் (பட்டையான மெல்லிசு ஒயர்) கிழிச்சுட்டு வர்றவங்கள நெறைய பார்த்துட்டேன், மனசு கஷ்டமா இருக்கு.

கேள்வி: அண்ணா, கரண்ட் போய் வந்ததுல இருந்து எக்ஸ்பாக்ஸ் ஒன் செத்துப்போச்சு. அடாப்டர்ல லைட்டே இல்ல. புதுசு வாங்கிடவா?

இருங்க தம்பி, அவசரப்படாதீங்க. அந்த அடாப்டருக்குள்ளயே சர்ஜ் பாதுகாப்பு இருக்கு, கரண்ட் எகிறினா அதுவே தன்னை ஆஃப் பண்ணிக்கும். சுவத்துல இருந்தும் கன்சோல்ல இருந்தும் ரெண்டு பக்கமும் ஒயர உருவிட்டு குறைஞ்சது 10 செகண்ட் விடுங்க, நான் ஒரு அஞ்சு நிமிஷமே விடச் சொல்வேன். அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் நடுவுல இல்லாம நேரா சுவர் பிளக்லயே மாட்டிப் பாருங்க. ஆரஞ்சு லைட் வந்துச்சுன்னா அடாப்டருக்கு உசுரு இருக்கு, வெறும் ரீசெட் தான் தேவைப்பட்டிருக்கு. நேரா மாட்டியும் லைட் வரலன்னா அடாப்டர் தான் போயிருக்கு, கன்சோலத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. எக்ஸ்பாக்ஸ்லயே அப்புறம் வந்த ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரீஸ் மாடல்ல பவர் சப்ளை உள்ளயே இருக்கு, அதுக்கும் இதே மாதிரி ஒயர உருவி 10 செகண்ட் விட்டு மாட்டறது தான் மொத வைத்தியம்.

கேள்வி: பிஎஸ்4ல (ப்ளேஸ்டேஷன் 4) எந்த அசைவும் இல்ல சார். கேபிள் மாத்திப் பார்த்துட்டேன். மல்டிமீட்டர் இருக்கு, கொஞ்சம் சோல்டரிங் தெரியும். எங்க இருந்து ஆரம்பிக்கறது?

கேபிள் மாத்திப் பார்த்தது நல்ல காரியம், அந்த எட்டு வடிவ கேபிள் தளர்ந்து போறதால மட்டுமே எத்தனையோ பேர் ஏமாந்திருக்காங்க.

அடுத்தது பவர் சப்ளை. ஒரு கருப்பு டப்பாவா தனியா கழண்டு வரும், ஆனா அந்த டப்பாவத் திறக்காதீங்க, இத கெஞ்சியே கேட்டுக்கறேன். உள்ள இருக்கற பெரிய கெபாசிட்டர்ல 230 வோல்ட் லைன் டிசியா மாறி கிட்டத்தட்ட 325 வோல்ட்டா நிக்கும், ஒயர உருவின பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும், கை பட்டா ஆள தூக்கி எறியும். மூடின டப்பாவோட வெளிய வர்ற பின்ல தான் நமக்கு வேலை. தனியா கரண்ட் குடுத்தா ஸ்டாண்ட்பை பின்ல (கன்சோல் ஆஃப்ல இருந்தாலும் கரண்ட் வர்ற பின்) ஏறக்குறைய 5 வோல்ட் காட்டணும், அதுவே இல்லன்னா சப்ளை அவுட். மெயின் 12 வோல்ட் கன்சோல் பட்டன அமுக்கி போர்டு கேட்டா தான் வரும், அதனால தனியா வைக்கறப்ப 12 வரலன்னு பயந்துடாதீங்க.

5 வோல்ட் சரியா வருதுன்னா போர்டு பக்கம் வாங்க. எல்லா ஒயரையும் எடுத்துட்டு, மீட்டர ஓம்ஸ்ல வச்சு 12 வோல்ட் உள்ள போற இடத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அளங்க. கிட்டத்தட்ட ஜீரோன்னா போர்டுல எங்கயோ ஷார்ட், புது சப்ளை வாங்கி மாட்டினாலும் ஆன் ஆகாது, காசு தான் வீண். இந்த ஒரு அளவ எடுக்காமயே சப்ளை வாங்கிடறாங்க, அது தான் எனக்கு ஆதங்கம்.

சில பேர் டப்பாக்குள்ள ஃபியூஸ் மட்டும் மாத்தினா போதும்னு சொல்வாங்க. ஃபியூஸ் சும்மா போகாது. கண்ணாடி ஃபியூஸ் உள்ள கருப்பா புகை படிஞ்சிருந்தா பின்னாடி இருக்கற மாஸ்ஃபெட், ரெக்டிஃபையர் மாதிரி ஏதோ ஒரு பாகம் ஷார்ட் ஆகியிருக்குன்னு அர்த்தம், அத விட்டுட்டு ஃபியூஸ மட்டும் மாத்தினா அடுத்த நிமிஷமே அதுவும் போயிடும். சப்ளைய முழுசா மாத்துங்க, லேபிள்ல இருக்கற மாடல் நம்பர் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும், ஒரே பிஎஸ்4லயே நாலஞ்சு வகை இருக்கு.

கேள்வி: பிஎஸ்5 ஒரு பீப் அடிச்சுட்டு ஆஃப் ஆகுது. திறந்து தெர்மல் பேஸ்ட் மாத்தலாம்னு இருக்கேன்.

வேணாம் வேணாம், அதுல இருக்கறது பேஸ்ட் இல்ல. 2020ல வந்ததுல இருந்தே ப்ராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல லிக்விட் மெட்டல் தான். அது கரண்ட் பாயற உலோகம், ஹீட்சிங்க தூக்கறப்ப ஒரு துளி தெறிச்சு பக்கத்து பாகத்து மேல விழுந்தா புதுசா ஒரு ஷார்ட்ட நீங்களே உண்டாக்கிடுவீங்க.

பீப் வருதுன்னா நல்ல சேதி, கரண்ட் உள்ள வருது. மாட்டியிருக்கற யுஎஸ்பி எல்லாத்தையும் உருவுங்க, பிறகு கூடுதல் ஸ்டோரேஜுக்கு எம்.2 எஸ்எஸ்டி நீங்களா போட்டிருந்தா அதையும் எடுத்துட்டுப் பாருங்க. அடுத்து ஆஃப்ல இருக்கறப்ப பவர் பட்டன ரெண்டாவது பீப் வர்ற வரைக்கும், சுமார் 7 செகண்ட், அமுக்கியே பிடிங்க, சேஃப் மோடுக்குப் போய் அதுல அணையாம நிக்குதுன்னா கோளாறு சாஃப்ட்வேர் பக்கமா இருக்க நெறைய வாய்ப்பு. அதுலயும் நிக்கலன்னா லிக்விட் மெட்டல்ல கை பழகின ஆள்கிட்ட தான் குடுக்கணும்.

கேள்வி: எட்டு மாசமா அலமாரில கெடந்த நின்டென்டோ ஸ்விட்ச், சார்ஜ் போட்டாலும் கருப்பு ஸ்க்ரீன். பொண்ணு அழுவுறா.

பாப்பாகிட்ட ஒரு நாள் டைம் கேளுங்கம்மா, பெரும்பாலும் சரியாயிடும். பேட்டரி அடியோட காலியானா பத்து நிமிஷத்துல எழுந்திரிக்காது. டாக் (டிவில மாட்டற ஸ்டாண்ட்) வேணாம், கூட வந்த அடாப்டர நேரா சொருகி ராத்திரி முழுக்க விடுங்க. காலைல பவர் பட்டன 15 செகண்ட் வரைக்கும் பிடிச்சு விட்டு, மறுபடி ஒரு தடவ சும்மா அமுக்குங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் பண்ணணும்னு நின்டென்டோவே சொல்லுது.

அதுக்கும் வரலன்னா டார்ச் அடிச்சு சார்ஜ் ஓட்டைக்குள்ள பாருங்க. நடுவுல ஒரு மெல்லிசான நாக்கு மாதிரி இருக்கும், அதுல ரெண்டு பக்கமும் பொடிப்பொடியா தங்க நிற கோடுங்க. எங்கிட்ட வந்த ஒண்ணுல ஒரு கோடு மட்டும் வளைஞ்சு பக்கத்து கோட்டு மேல படுத்திருந்துச்சு, லென்ஸ் வச்சா தான் தெரிஞ்சுது, அவ்ளோ சின்ன விஷயம் மொத்த மெஷினையும் படுக்க வச்சிருந்துச்சு. வோல்ட், ஆம்ப் காட்டற யுஎஸ்பி மீட்டர் கெடைச்சா அதையும் நடுவுல மாட்டுங்க, நல்லா இருக்கற ஸ்விட்ச் ஒரிஜினல் அடாப்டர்ல 15 வோல்ட்டுக்குத் தாவும், 5 வோல்ட்லயே 0.4 ஆம்ப்னு அசையாம நின்னா எம்92டி36ங்கற, யுஎஸ்பி-சி பவர கட்டுப்படுத்தற ஐசி (சிப்) மேல தான் மொத சந்தேகம். அத மாத்த ஹாட் ஏர் (சூடு காத்து அடிக்கற சோல்டரிங் மெஷின்) வேணும், வீட்ல முடியாது.

கேள்வி: லைட் எரியுது, ஃபேன் சுத்துது, டிவில நோ சிக்னல்.

பவர் பிரச்சினை இல்ல, எச்டிஎம்ஐ பக்கம் பாருங்க. வேற கேபிள், வேற டிவி. எக்ஸ்பாக்ஸ் ஒன்னா இருந்தா ஆஃப் பண்ணிட்டு பவர் பட்டனையும் இஜெக்ட் பட்டனையும் ஒண்ணா ரெண்டாவது பீப் வரைக்கும் பிடிங்க, 640x480ங்கற குறைஞ்ச ரெசல்யூஷன்ல படம் வரும்.

கேள்வி: பழைய எக்ஸ்பாக்ஸ் 360, சிவப்பு லைட். டவல் சுத்தி சூடாக்கினா சரியாகும்னு சொல்றாங்களே?

தயவுசெஞ்சு பண்ணாதீங்க, தீப்பிடிக்கும். மொதல்ல எத்தன லைட்னு எண்ணுங்க. நாலும் சிவப்பா இருந்தா வீடியோ கேபிள் சரியா சொருகல, அவ்ளோ தான். ரெண்டுன்னா ஓவர்ஹீட், ஆற விட்டு தூசி தட்டுங்க. மூணுன்னா தான் ‘ரெட் ரிங் ஆஃப் டெத்’னு பேர்போன அந்தக் கோளாறு, அதுக்காக 2007 ஜூலைல மைக்ரோசாஃப்ட் வாரண்டிய மூணு வருஷமா நீட்டி 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்கிச்சு. சூடாகி ஆறி சூடாகி ஆறி சிப்புக்குள்ள இருக்கற சோல்டர் இணைப்பு விரிசல் விட்டுடும், டவல்ல சூடாக்கினா கொஞ்ச நாள் ஒட்டின மாதிரி தெரியும், திரும்ப விட்டுடும்.

கேள்வி: அதுக்கும் முந்தின, 2001 எக்ஸ்பாக்ஸ் வச்சிருக்கேன். சில நாள் தானா ஆன் ஆகுது, சில நாள் ஆகவே மாட்டேங்குது.

நேரத்த ஞாபகம் வச்சுக்கற க்ளாக் கெபாசிட்டர் ஒழுகியிருக்கும். அந்தத் திரவம் போர்டுல முடி மாதிரி ஓடற காப்பர் கோட்ட அரிச்சுடும், பவர் பட்டன் லைனும் அந்தப் பக்கம் தான் போகுது. கெபாசிட்டர எடுத்துட்டு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டு பிரஷ்ல நல்லா தேய்ங்க, அறுந்த கோட்டுக்கு மெல்லிசா ஒரு ஒயர் குடுத்து சோல்டர் வைங்க. அந்தக் கெபாசிட்டர் இல்லாமலும் கன்சோல் ஓடும், ஒயர உருவினா நேரம் மட்டும் மறந்துடும். 1.6 வெர்ஷன் போர்டுல இருக்கறது வேற வகை, ஒழுகாது, அத மட்டும் தொடாதீங்க.