குறட்டை விடும் பிள்ளைக்கு அடிக்கடி சளி

கேள்வி: ஊர் குடியாத்தம். மகனுக்கு ஆறு வயது. வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறான். ஐப்பசி மழை தொடங்கினால் மாதம் ஒரு முறை சளி பிடித்துவிடுகிறது, லேசில் விடுவதில்லை. “அசந்து தூங்குறான், விடு” என்கிறார் மாமியார். குறட்டைக்கும் சளிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. மாமியார் கோபித்துக்கொள்ளக் கூடாது, இது அசந்த தூக்கம் இல்லை.

மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் தொண்டையில் இருக்கும் டான்சிலும் இந்த வயதில்தான் பெரிதாக இருக்கும். நம் ஊரில் ‘சதை வளர்ந்திருக்கு’ என்பார்களே, அதுதான். வைரஸ் சளி வந்தால் அவை இன்னும் வீங்கும். தூக்கத்தில் தசைகள் தளரும்போது மூச்சுப்பாதை அடைபடுகிறது, ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை பதறி அவனை அரைகுறையாக எழுப்புகிறது. பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து முறைக்குள் இப்படி மூச்சு தடைபட்டால் கணக்கில் எடுப்பதில்லை. குழந்தைக்கு ஒரு முறைக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். தூக்கம் கெட்டால் எதிர்ப்புச் சக்தி தடுமாறும். வாயால் இழுக்கும் காற்று மூக்கில் வடிகட்டப்படாமல், ஈரமாகாமல் நேரே உள்ளே போகும். அடுத்த சளிக்கு வழி திறந்தாயிற்று. அது வந்ததும் சதை மறுபடி வீங்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? சளி இருக்கும் நாளில் எந்தப் பிள்ளையும் குறட்டை விடும். அதனால் சளி விட்டு இரண்டு வாரம் கழித்து, நடு இரவில் சட்டையைக் கழற்றி, நெஞ்சும் முகமும் தெரிய செல்போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். குறட்டை திடீரென நின்று, நெஞ்சு மட்டும் உள்வாங்கி, பிறகு ‘ஹக்’ என்று மூச்சு வருகிறதா? தலையை அண்ணாந்து படுக்கிறானா, தலையணை வியர்வையில் நனைகிறதா? அந்த வீடியோவோடு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனைக்கு எழுதுவார்கள்.

உடனே சதையை எடுக்கும் ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்த 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 46 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை முடிவு சீரானது. ஆபரேஷன் செய்தவர்களில் அது 79 சதவீதம். லேசாக இருந்தால் மூக்கு ஸ்பிரே கொடுத்துப் பார்ப்பார்கள். படுக்கையறையில் கொசுவர்த்தி வேண்டாம், வலை கட்டுங்கள். மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சளி நேரத்தில் ‘நல்லா தூங்கட்டும்’ என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் மயக்கம் தரும் இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தாலோ, விலா உள்வாங்க மூச்சு விட்டாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில், தூக்கத்தில் மூச்சு நிற்கும் பிள்ளை என்பதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம், ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு சளி பிடித்தால் மறைக்காதீர்கள். சில வாரம் தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான்.