மலைவீட்டுக் குளிருக்கு ஹீட் பம்ப் வாங்கலாமா?

கேள்வி: தேவிகுளத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மேலே தகரக் கூரை, உள்ளே பலகை சீலிங். எண்பது வயதான மாமியாருக்கு மூச்சிரைப்பு உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அவர் அறையில் ஆயில் ஹீட்டர் வைத்ததில் கரண்ட் பில் தாங்க முடியவில்லை. பின்லாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள், அங்கே மைனஸ் இருபதிலும் ஹீட் பம்ப்தான் வீட்டைச் சூடாக்குகிறது என்கிறாள். இங்கே கடையில் கேட்டால், “அதுதாங்க ஹாட் அண்ட் கோல்டு ஏசி” என்று ஐந்து நட்சத்திர ஒன்றரை டன் மாடல் ஒன்றைக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? வாங்கலாமா?
– வாசகி, தேவிகுளம்

பதில்: இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் மகள் வீட்டில் இருப்பதும் கடையில் காட்டியதும் ஒரே குளிருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அந்த வேறுபாடு தெரியாமல் பணம் கட்டக் கூடாது.

குளிர்ந்த காற்றிலிருந்து எப்படிச் சூடு வரும் என்ற ஐயம் எல்லோருக்கும் எழுகிறது. உங்கள் சமையலறையிலேயே அதற்கு விடை இருக்கிறது. தேவிகுளத்தின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், தண்ணீர் நூறு டிகிரிக்குப் பல டிகிரி முன்னதாகவே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேக அதிக நேரம் பிடிப்பது அதனால்தான். அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலை இறங்கும், கூட்டினால் ஏறும். இப்போதைய ஏசிகளில் ஓடும் ஆர்-32 என்ற வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி அளவிலேயே கொதித்து ஆவியாகக் கூடியது. ஆகவே வெளியே மைனஸ் பத்தாக இருந்தாலும் அந்தக் காற்று அதற்கு அடுப்புப் போன்றதுதான். வெளி யூனிட்டில் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொண்ட வாயுவை கம்ப்ரஸர் அழுத்திச் சூடேற்ற, அது அறைக்குள் இருக்கும் யூனிட்டில் மீண்டும் திரவமாகி, வாங்கிய சூட்டையும் கம்ப்ரஸர் சேர்த்த சூட்டையும் அறையில் விட்டுவிடுகிறது. மின்சாரம் சூட்டை உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து உள்ளே சுமந்து வருகிறது. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடு தரும் ஆயில் ஹீட்டரை விட இது சிக்கனமானது. வெளியே 7 டிகிரியாக இருக்கும்போது ஒன்றுக்கு மூன்று, நான்கு மடங்கு வரையில் கிடைக்கும். குளிர் ஏற ஏற இந்த மடங்கு இறங்கும். மைனஸ் 15-இல் நல்ல இயந்திரமும் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் தரும். பின்லாந்து, சுவீடன், நார்வே ஆகிய நாடுகளில் இந்த இரண்டு மடங்கையே லாபமாகக் கருதி லட்சக்கணக்கான வீடுகளில் பொருத்தியிருக்கிறார்கள். அதற்கு அவர்களுடைய சுவரும் சன்னலும் சூட்டை விடாமல் பிடித்துக்கொள்வதும் ஒரு காரணம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பில்லைப் பார்ப்போம். 2,000 வாட் ஆயில் ஹீட்டர் இரவில் ஆறு மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் 12 யூனிட். அறுபது இரவுகளுக்கு 720 யூனிட். கேரள மின்வாரியக் கணக்கில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டை, அதாவது இரண்டு மாத பில்லில் 500-ஐத் தாண்டினால், படிப்படியான கட்டணம் போய் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர் விகிதம் விழும். உங்கள் பில் வீங்கியதற்கு ஹீட்டர் மட்டுமே போதுமான காரணம். அதே சூட்டை இரண்டரை மடங்கு தரும் ஹீட் பம்ப் மூலம் பெற்றால் 288 யூனிட் போதும். குளிர்கால ஈரத்தையும் உறைபனியையும் மனத்தில் வைத்தே மூன்று என்று போடாமல் இரண்டரை என்று போட்டிருக்கிறேன்.

இப்போது அந்த ஐந்து நட்சத்திரம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் குளிரூட்டும்போது ஆகும் மின்சாரத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. சூடாக்கும்போது அந்த இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அந்த ஸ்டிக்கர் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. தேவிகுளத்தில் ஏசியை அறையைக் குளிரூட்டுவதற்காக யாரும் வாங்கப்போவதில்லை என்பதால், நட்சத்திரத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உங்களுக்குத் தேவையில்லாததற்குக் கொடுக்கும் பணமாகிவிடலாம். கடையில் மாடலின் முழு விவரத்தாளைக் கேட்டு வாங்கி, ‘ஹீட்டிங் கெப்பாசிட்டி’ என்ற வரியைத் தேடுங்கள். அங்கே எழுதியிருப்பது பெரும்பாலும் வெளியே 7 டிகிரி இருக்கும்போது கிடைக்கும் அளவு. ஜனவரியில் உறைபனி விழும் லெட்சுமி எஸ்டேட், செண்டுவாரை போன்ற இடங்களுக்கு அந்த எண் போதாது. வெளியே 2 டிகிரியிலும் மைனஸ் 7-இலும் எவ்வளவு சூடு தரும், எத்தனை டிகிரி வரை வேலை செய்யும் என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்த எண்களைத் தர முடியாத மாடலை நான் வாங்கமாட்டேன்.

அதே தாளில் இன்னொன்றையும் பார்க்கலாம். சூடாக்கும்போது இழுக்கும் வாட்டும் தரும் சூட்டின் வாட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், உள்ளே இருப்பது வெறும் ஹீட்டர் காயில்தான். ‘ஹாட் அண்ட் கோல்டு’ என்ற பெயரில் அப்படியும் மாடல்கள் வந்திருக்கின்றன. நமக்கு வேண்டியது ரிவர்ஸ் சைக்கிள் வகை, அதாவது வாயு ஓடும் திசையை மாற்றிக் குளிரும் சூடும் தருவது; அதிலும் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் கம்ப்ரஸர் உள்ளது. மலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே விசிறி சுமக்கும் காற்றின் எடை சமவெளியை விட ஆறில் ஒரு பங்கு வரை குறையும். ஆகவே தாளில் உள்ள எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே எதிர்பாருங்கள்.

அதற்காக ஒன்றரை டன்னுக்குத் தாவ வேண்டும் என்று பொருளில்லை. உங்கள் அறையின் சூடு போகும் வழி மேலே இருக்கிறது. சூடான காற்று மேலேறி, பலகை இடுக்கு வழியே தகரத்தைத் தொட்டுக் குளிர்ந்துவிடுகிறது. ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திச் சன்னல் சட்டத்தோரமும் கதவின் அடியிலும் சீலிங் விளிம்பிலும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே சட்டென்று வளைகிறதோ அங்கேதான் உங்கள் மின்சாரம் வெளியேறுகிறது. தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சை விரித்து, சன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டி, கனத்த திரை போட்ட பிறகு, ஒருவர் படுக்கும் சிறிய அறைக்கு ஒரு டன் இன்வர்ட்டரே பெரும்பாலும் போதும். முழுக்க அடைத்துவிடாமல், மூச்சிரைப்பு உள்ளவர் அறையில் கொஞ்சம் புதுக்காற்றுக்கு வழி வையுங்கள். ஏசியை 30-இல் வைத்து ஒரு மணி நேரத்தில் அணைப்பதைவிட, 20 அல்லது 21-இல் இரவு முழுவதும் ஓடவிடுவதுதான் இந்த இயந்திரத்துக்கு ஏற்றது. காற்று வரும் பட்டையைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள்; இல்லாவிட்டால் சூடெல்லாம் சீலிங்கிலேயே நிற்கும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் இரவுகளுக்கு ஆயில் ஹீட்டரும் உதவாது, இதுவும் உதவாது. அப்போது கம்பளியும் வெந்நீர்ப் பையும்தான். கரிச்சட்டியைப் பற்றவைத்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

கேள்வி: சென்ற ஆண்டு ஹாட் அண்ட் கோல்டு ஏசி பொருத்தினோம். விடியற்காலையில் சூடு திடீரென்று நின்றுவிடுகிறது. வெளி யூனிட்டிலிருந்து புகை வருகிறது. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால் “கேஸ் குறைந்திருக்கும், நிரப்ப வேண்டும்” என்கிறார். நிரப்பலாமா?
– வாசகர், வட்டவடை

பதில்: நிரப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் வீட்டிலும் முதல் ஜனவரியில் இதே பயம் வந்தது. ஐந்தரை மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்த்தபோது, வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் மேல் வெண்பனி, அரைத்த தேங்காயை அப்பியதுபோல் படர்ந்திருந்தது. சற்று நேரத்தில் விசிறி நின்றது, உள்ளே ‘புஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது, பனி சரசரவென்று உருகிச் சொட்ட, மேலே வெண்மையாக ஏதோ எழுந்தது. நான் புகை என்று நினைத்தது நீராவிதான். சில நிமிடங்களில் விசிறி மீண்டும் சுற்றியது, அறைக்குள் சூடு திரும்பியது.

இதற்கு டீஃப்ராஸ்ட் என்று பெயர். வெளிக்காற்றிலுள்ள ஈரம் தகடுகளில் உறைந்து காற்றை அடைத்துவிடுவதால், இயந்திரம் தானாகவே சிறிது நேரம் திசைமாறி வெளித் தகடுகளைச் சூடாக்கிக்கொள்கிறது. பூஜ்யத்துக்கும் ஐந்து டிகிரிக்கும் இடையில், மூடுபனி நாள்களில்தான் இது அதிகம். வறண்ட மைனஸ் பத்தைவிட ஈரமான இரண்டு டிகிரிதான் இந்த விஷயத்தில் இயந்திரத்துக்குப் பாடு. ஆகவே சூடு நின்று பத்து நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் பழுதில்லை. பனி உருகாமல் நாள் முழுவதும் கட்டியாகவே நின்றாலோ, வெயிலான பகலிலும் சூடு வராவிட்டாலோ அப்போது ஆளைக் கூப்பிடலாம். கேஸ் தானாகத் தீராது; குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வெளி யூனிட் தரையை ஒட்டி இருந்தால் ஓரடி உயரத்துக்குத் தாங்கி வைத்து ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உருகிய நீர் அடியிலேயே மறுபடி உறைந்து விசிறியைப் பிடித்துக்கொள்ளும். அந்த நீர் நடைபாதையில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விடியற்காலையில் வழுக்கும்.

கேள்வி: வீட்டில் ஆறு பேர். குளிக்க வெந்நீருக்கு கீசரா, ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரா?
– வாசகர், கூடலூர்

பதில்: ஆறு பேர் என்றால் ஹீட் பம்ப். 150 லிட்டர் தண்ணீரை 15-இலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர கீசருக்கு ஏறத்தாழ 7 யூனிட் ஆகும். ஹீட் பம்புக்கு மூன்று யூனிட்டுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் அது மெதுவாகச் சூடாக்கும், சில மணி நேரம் பிடிக்கும். பெரிய தொட்டியும் காற்றோட்டமான இடமும் வேண்டும். மதிய வெயிலில் ஓடுமாறு டைமர் வைத்தால் வெளிக்காற்று சூடாக இருக்கும், மின்சாரமும் குறையும். தொட்டி நல்ல உறையுள்ளதாக இருந்தால் மறுநாள் காலை வரை வெந்நீர் நிற்கும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீடாக இருந்திருந்தால் கீசரே போதும் என்று சொல்லியிருப்பேன்.